சீனக்குடாவின் 99 தாங்கிகளும் ஒரு மலிவு புரோசசரும்

பழைய மாணவர் சங்கங்களின் ஆண்டு மலர்கள், கும்பாபிஷேக மலர்கள், எப்போதோ நின்றுபோன சிறுசஞ்சிகைகள், யாரோ ஒரு ஸ்டூடியோக்காரர் விட்டுப்போன நெகட்டிவ்கள். திருகோணமலையில் இதுகளைச் சேர்த்து வைத்திருக்கிற ஆக்களோடு கதைத்தால் கடைசியில் ஒரே கேள்விதான் வரும்: "இதையெல்லாம் ஸ்கேன் பண்ணி இணையத்தில போடலாம். ஆனா எந்த சேர்வர் எடுக்கிறது?"

சேர்வர் வாடகைக்கு விடுகிற நிறுவனங்களின் விலைப்பட்டியலைத் திறந்தால் இரண்டு வரிசை இருக்கும். முதல் வரிசையில் எங்கட வீட்டு மேசைக் கணினியில் இருக்கிற அதே இன்டெல் கோர், ஏஎம்டி ரைசன் புரோசசர்கள். அடுத்த வரிசையில் சியோன், எபிக் என்று சேர்வருக்காகவே விற்கப்படுபவை. பெரும்பாலும் இரண்டாவது வரிசைக்கு விலை கூட. உடனே இரண்டு கட்சி உருவாகிவிடும். "கேம் விளையாடுற சாமானில ஆவணக் காப்பகம் வைக்கிறதா? அதெல்லாம் நிக்காது" என்பது ஒரு கட்சி. "ரெண்டும் ஒரே சிலிக்கன்தான், பேருக்குத்தான் காசு" என்பது மற்றது.

இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. எந்தப் பாதி எங்கே பொருந்தும் என்று பார்க்க, இந்தச் சண்டையின் முப்பது வருட வரலாற்றைப் பார்க்க வேண்டும். அதற்கு முன் எங்கட துறைமுகத்திலேயே இருக்கிற அதைவிடப் பழைய ஒரு வரலாற்றையும் பார்த்துவிடுவோம். அந்தக் கதை இந்தக் கேள்விக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரிப் பொருந்தும்.

துறைமுகம் சொல்லும் இரண்டு விஷயங்கள்

இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் பிரித்தானியர் தங்கள் கடற்படைக்கான எண்ணெயைச் சேமிக்கச் சீனக்குடாக் காட்டுக்குள் தாங்கிகள் கட்டத் தொடங்கினார்கள். ஒரு மலையளவு பெரிய தாங்கி ஒன்றைக் கட்டவில்லை. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் கொள்ளும் தாங்கிகளைக் காடு முழுக்கப் பரப்பிக் கட்டினார்கள். மொத்தம் 101.

1942 ஏப்ரல் 9 காலை ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து வந்த விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. துறைமுகத்தில் நின்ற சகாயிங் என்ற கப்பல் தீப்பிடித்தது. அதன் உடைந்த உடலை 2018 இல்தான் இலங்கைக் கடற்படை கடலுக்கடியிலிருந்து தூக்கி எடுத்தது. ஒரு ஜப்பானிய விமானம் சீனக்குடாத் தாங்கி ஒன்றின் மேல் போய் விழுந்தது. தாங்கி எரிந்து உருகியது. ஆனால் எரிந்தது அந்த ஒன்றுதான். பிற்காலத்தில் இன்னொன்று போனது. மிச்சம் 99 தாங்கிகள். 1957 இல் பிரித்தானியக் கடற்படை போனபிறகும் அவை நின்றன. 2022 ஜனவரியில் கைச்சாத்தான உடன்படிக்கையில் 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 14 லங்கா ஐஓசிக்கு, 61 கூட்டு நிறுவனத்துக்கு என்று பிரிக்கப்பட்டவையும் அவைதான்.

இது முதல் விஷயம்: எல்லாவற்றையும் ஓரிடத்தில் வைக்காமல் பிரித்து வை. ஒன்று போனாலும் மற்றது நிற்கும்.

ஆனால் அதே நாளில் இன்னொன்றும் நடந்தது. தாக்குதல் வரப்போகிறது என்று தெரிந்து, முதல் நாள் இரவே துறைமுகத்தில் நின்ற கப்பல்களைக் கடலுக்குள் பிரிந்து போகச் சொன்னார்கள். அப்படிப் போன கப்பல்களில் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கியும் ஒன்று. அதில் ஒரு விமானம்கூட இருக்கவில்லை. மட்டக்களப்புக்கு அப்பால் ஜப்பானியர் அதைக் கண்டுபிடித்து மூழ்கடித்தார்கள். 307 பேர் இறந்தார்கள். மறுபக்கம் திருகோணமலையில் ரேடார் நிலையம் வரும் விமானங்களை முன்கூட்டியே கண்டதால், சீனக்குடாவிலிருந்த போர் விமானங்கள் நேரத்தோடு எழும்ப முடிந்தது. ஆக இரண்டாவது விஷயம்: பிரித்து வைத்தால் மட்டும் காணாது. ஒவ்வொன்றுக்கும் காவல் வேண்டும், ஆபத்தைச் சொல்ல ஒரு கண் வேண்டும்.

பிரித்து வைப்பது, காவல் வைப்பது. சேர்வர் புரோசசர்களின் வரலாறு முழுக்க இந்த இரண்டையும் சுற்றித்தான் போகிறது.

பெரிய இரும்பும் சின்னப் பெட்டியும்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சேர்வர் என்றால் அது வேறு சாதி இயந்திரம். சன், ஐபிஎம், எச்பி, டிஜிட்டல் போன்ற நிறுவனங்கள் தங்கள் தங்கள் புரோசசர்களைத் தாங்களே வடிவமைத்து, தங்கள் இயங்குதளத்தோடு சேர்த்து விற்றார்கள். வீட்டுக் கணினிக்கும் அதற்கும் உறவே கிடையாது. விலையும் அப்படித்தான்.

1994 இல் நாசாவின் கோடார்ட் மையத்தில் தோமஸ் ஸ்டேர்லிங், டொனால்ட் பெக்கர் என்ற இருவர் வேறு மாதிரி யோசித்தார்கள். கடையில் வாங்கக்கூடிய இன்டெல் 486 வகைப் புரோசசர்கள் 16 ஐ எடுத்து, சாதாரண ஈதர்நெட் வயரால் இணைத்து, லினக்ஸ் போட்டு ஒரே கணினியைப் போல வேலை வாங்கினார்கள். அதற்கு பியோவுல்ஃப் என்று பெயர். பணமில்லாத பல்கலைக்கழகங்களுக்கு அது ஒரு கதவைத் திறந்துவிட்டது.

அடுத்த வருடம் இன்டெல் பென்டியம் புரோவை வெளியிட்டது. வீட்டுக் கணினிக் குடும்பத்தில் பிறந்த பிள்ளைதான், ஆனால் சேர்வர் வேலைக்கென்று வளர்க்கப்பட்டது. அமெரிக்காவின் சாண்டியா ஆய்வுகூடத்தில் இப்படியான ஆயிரக்கணக்கான புரோசசர்களால் கட்டப்பட்ட ஆஸ்கி ரெட் என்ற கணினி, விநாடிக்கு ஒரு இலட்சம் கோடி கணக்குகள் என்ற எல்லையை முதலில் தாண்டியது. 1998 இல் இன்டெல் சேர்வர் வரிசைக்கென்று தனிப் பெயரே வைத்தது: சியோன். மேசைக் கணினிக்கு ஒரு பெயர், சேர்வருக்கு ஒரு பெயர் என்ற இன்றைய பிரிவினை இங்கேதான் தொடங்குகிறது.

இந்தப் பிரிவினையைக் கண்டுகொள்ளாமல் போனவர்களில் முக்கியமானவர்கள் கூகுள்காரர். 1999 இல் அவர்கள் கட்டிய சேர்வர் தட்டுகள் இப்போது அமெரிக்க அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. ஒரு தட்டில் நான்கு மதர்போர்ட், அடியில் ஷோர்ட் ஆகாமலிருக்க ஒரு தக்கைப் பலகை, பெட்டி கிடையாது, வயர்கள் தொங்கும். பார்க்கிறவர் பழுது பார்க்கிற கடை என்றுதான் நினைப்பார்.

2003 இல் அவர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வுக் கட்டுரையில் இந்தத் தெரிவுக்கான கணக்கு இருக்கிறது. அப்போது அவர்களிடம் 15,000 க்கும் மேற்பட்ட சாதாரண ரகக் கணினிகள். அதில் 533 மெகாஹேர்ட்ஸ் செலரோன்கூட இருந்தது, அதாவது அந்தக் காலத்து மலிவு வீட்டுக் கணினியின் புரோசசர். 2002 இன் கடைசியில் இரண்டு புரோசசர் கொண்ட 88 சின்ன சேர்வர்கள் அடுக்கிய ஓர் அலுமாரி ஏறத்தாழ 278,000 டொலர். அதற்குள் 176 புரோசசர்கள். எட்டு புரோசசர் கொண்ட ஒரு பெரிய சேர்வர் மட்டும் ஏறத்தாழ 758,000 டொலர். மூன்று மடங்கு விலை, 22 மடங்கு குறைந்த புரோசசர்கள்.

கவனிக்க வேண்டியது, அந்த அலுமாரியில் இருந்தவையும் சியோன்கள்தான். ஆகவே சண்டை புரோசசரின் பெயரைப் பற்றியதல்ல. பெரிய சேர்வர் உடையக்கூடாது என்பதற்காக வாங்கப்படுகிறது. கூகுள் "எப்படியும் உடையும்" என்று எடுத்துக்கொண்டு, ஒரே தரவைப் பல பெட்டிகளில் வைத்து, ஒன்று விழுந்தால் மற்றது பதில் சொல்லும்படி மென்பொருளை எழுதியது. சீனக்குடாவின் கணக்குத்தான். ஒரு தாங்கி எரியும், கப்பலுக்கு மற்றத் தாங்கியிலிருந்து எண்ணெய் போகும்.

செல்லரித்த பிட்

இந்த வெற்றிக் கதையோடு நிறுத்திவிட்டால் மலிவுக் கட்சி வென்றுவிடும். ஆனால் அதே கூகுளில் 2000 ஆம் ஆண்டு ஒரு பெரிய தலையிடி வந்தது. இணையத்தைத் தேடித் தொகுக்கும் அட்டவணையைப் புதிதாகக் கட்ட முடியவில்லை. திரும்பத் திரும்பத் தொடங்கி, திரும்பத் திரும்ப நின்றது. மாதக்கணக்கில் பழைய அட்டவணையே ஓடியது. ஜெஃப் டீன், சஞ்சய் கெமாவட் ஆகியோர் நாட்கணக்காக உட்கார்ந்து பார்த்ததில், நிரலில் பிழை இல்லை. மலிவு நினைவகத்தில் சில பிட்கள் தானாகப் புரண்டிருந்தன. 0 எழுதினால் 1 என்று திரும்பி வரும். யாரும் சொல்லமாட்டார்கள்.

இது புதுப் பிரச்சினை அல்ல. 1947 இல் பெல் ஆய்வுகூடத்தில் ரிச்சர்ட் ஹேமிங் வார இறுதியில் ரிலே கணினிக்கு வேலை கொடுத்துவிட்டுப் போவார். இயந்திரம் ஒரு பிழையைக் கண்டால் அந்த வேலையை அப்படியே கைவிட்டுவிடும். பிழை இருப்பதைக் கண்டுபிடிக்கத் தெரிந்த இயந்திரத்துக்கு அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துத் திருத்த முடியாதா என்று யோசித்து, 1950 இல் பிழைதிருத்தும் குறியீட்டை வெளியிட்டார். இன்று சேர்வர் நினைவகத்தில் பரவலாக இருக்கிற ஈசிசி அதன் வழித்தோன்றல். வழக்கமாக 64 பிட் தரவுக்கு 8 பிட் காவல். ஒரு பிட் புரண்டால் திருத்தும், இரண்டு புரண்டால் "பிழை" என்று சத்தம் போடும்.

எழுபதுகளின் இறுதியில் இன்டெலின் டிமதி மே, மரி வூட்ஸ் ஆகியோர் சிப்பை மூடும் பொருளிலிருக்கும் கதிரியக்கத் துகள்களே பிட்டைப் புரட்டும் என்று காட்டினார்கள். வானத்திலிருந்து வரும் கதிர்களும் அதைச் செய்யும். 2009 இல் கூகுள் சேர்வர்களை இரண்டரை வருடம் கவனித்து எழுதப்பட்ட ஆய்வு இன்னொன்றைச் சொன்னது. ஒரு வருடத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இயந்திரங்கள் திருத்தக்கூடிய நினைவகப் பிழையைச் சந்தித்தன. நினைவகத் தகடுகளில் 8 வீதத்துக்கும் மேலானவை பாதிக்கப்பட்டன. பெரும்பாலான பிழைகள் எப்போதாவது வரும் கதிரால் அல்ல, தகடே பழுதாகிக்கொண்டு வருவதால் வந்தன. ஈசிசி இருந்தால் எந்தத் தகடு சாகிறது என்று முன்கூட்டியே தெரியும். இல்லாவிட்டால் தெரியாது. அந்த ரேடார் நிலையம் செய்த வேலையைத்தான் ஈசிசி செய்கிறது.

ஆவணக் காப்பகம் வைப்பவர்களுக்கு இது ஏன் முக்கியம்? ஏட்டுச்சுவடிக் காலத்தை நினைத்துப் பாருங்கள். ஏட்டைச் செல் அரித்தால் கண்ணுக்குத் தெரியும். ஆனால் பிரதி எடுக்கிறவர் ஓர் எழுத்தைப் பிழையாக எழுதினால் அடுத்த பிரதியும் அந்தப் பிழையோடுதான் வரும், அதற்கடுத்ததும் அப்படியே. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இல் கலித்தொகையை அச்சேற்றியது போன்ற பதிப்பு வேலைகளின் பெரும்பாடு இதுதான். பல ஏடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது மூலம், எது கைப்பிழை என்று பார்ப்பது. எங்கட ஊரிலும் அந்த மரபு இருந்தது. மோகனாங்கி என்ற வரலாற்று நாவலை 1895 இல் எழுதிய திருகோணமலை தி. த. சரவணமுத்துப்பிள்ளை, சென்னை மாநிலக் கல்லூரியின் கீழைத்தேயச் சுவடி நூலகத்தில் வேலை பார்த்தவர்.

பிட் புரளுவதும் கைப்பிழை மாதிரித்தான். ஸ்கேன் பண்ணிய கோப்பு நினைவகத்தில் இருக்கும்போது கெட்டு, அப்படியே டிஸ்க்கில் எழுதப்பட்டால், அன்றிரவு எடுக்கிற பிரதியிலும் கெட்டதுதான் போகும். பத்து பிரதி வைத்திருந்தாலும் பத்தும் கெட்டவை. பிரித்து வைத்தும் காவல் இல்லாமல் போன கப்பலின் கதி.

விலைவேலி

அப்படியென்றால் சியோன், எபிக் வாங்கிவிட வேண்டியதுதானே? இங்கேதான் "பேருக்குத்தான் காசு" என்ற கட்சி எழும்பி நிற்கும். அவர்களிடமும் நியாயம் இருக்கிறது.

இரண்டு வகைக்கும் நிஜமான வித்தியாசங்கள் உண்டு. 2022 இல் வந்த எபிக் 9654 இல் 96 கோர்கள், நினைவகத்துக்கு 12 பாதைகள், டிஸ்க்கும் நெட்வேர்க் அட்டையும் செருக 128 பாதைகள். அதே வருடம் வந்த ரைசன் 7950எக்ஸ் இல் 16 கோர்கள், நினைவகத்துக்கு 2 பாதைகள். நூறு பேரின் மெய்நிகர் கணினிகளை ஒரே பெட்டியில் ஓட்டுகிறவருக்கு, ஒரு வைத்தியசாலை வலையமைப்பின் முழுத் தரவுத்தளத்தையும் நினைவகத்தில் வைத்திருக்க வேண்டியவருக்கு எபிக் தேவை. அதில் பேச்சே இல்லை.

ஆனால் வேகத்தைப் பாருங்கள். ரைசன் 5.7 கிகாஹேர்ட்ஸ் வரை போகும், எபிக் 3.7 வரைதான். ஒரு கோரில் ஒரு வேலையை வேகமாக முடிப்பதென்றால் மேசைக் கணினிப் புரோசசர் முந்திவிடும். மைன்கிராஃப்ட் சேர்வர் நடத்துகிற பெடியளுக்கு இது தெரியும். அந்த விளையாட்டின் முக்கிய வேலை பெரும்பாலும் ஒரு கோரில்தான் ஓடுகிறது. வலைப்பூ, சின்னக் காப்பகம் போன்றவற்றுக்கும் ரைசன் ஒரு குறையும் வைக்காது. ஜேர்மனியின் ஹெட்ஸ்னர் நிறுவனம் வருடக்கணக்காக இப்படியான மேசைக் கணினிப் புரோசசர்களை வரிசையாக அடுக்கி வாடகைக்கு விட்டுத்தான் பெயரெடுத்தது.

ஈசிசி விஷயத்தில்தான் வேலி தெரியும். இன்டெல் நீண்ட காலமாகத் தன் பெரும்பாலான மேசைக் கணினிப் புரோசசர்களில் ஈசிசியை மூடியே வைத்தது. தொழில்நுட்பம் இடம் கொடுக்காமல் அல்ல. சேர்வர் விலைக்கு வாங்க வைக்க ஒரு வேலி. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2021 ஜனவரியில் இதைக் கடுமையாகவே கண்டித்தார். ஏஎம்டியின் பல ரைசன்களில் ஈசிசி வேலை செய்யும், மதர்போர்ட் ஒத்துழைத்தால். 2024 மே மாதம் ஏஎம்டி வேலியைத் தானே தாண்டியது. மேசைக் கணினியின் அதே சொக்கெட்டில், ரைசனின் அதே அடிப்படையில் எபிக் 4004 என்று ஒரு வரிசையை விட்டது. பெயர் சேர்வர், உடம்பு மேசைக் கணினி.

அதே 2024 மறுபக்கத்தையும் காட்டியது. இன்டெலின் 13 ஆம், 14 ஆம் தலைமுறை மேசைக் கணினிப் புரோசசர்களில் பல காரணமில்லாமல் விழத் தொடங்கின. முறையிட்டவர்களில் 24 மணி நேரமும் விளையாட்டு சேர்வர் ஓட்டுகிறவர்களும் இருந்தார்கள். அளவுக்கு மீறிய மின்னழுத்தம் சிப்பை மெல்ல மெல்லத் தின்கிறது என்று இன்டெல் ஒத்துக்கொண்டு, திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தை இரண்டு வருடம் நீட்டியது. வேகப் போட்டிக்காக எல்லை வரை இழுத்து விற்கப்படும் சிப்பை இரவு பகலாக ஓட்டினால் என்ன ஆகும் என்பதற்கு அது ஒரு பாடம்.

ஒரு எச்சரிக்கையும். டிடிஆர்5 நினைவகத்தை விற்கும்போது "ஈசிசி உள்ளேயே இருக்கு" என்று சொல்வார்கள். அது நினைவகச் சில்லுக்குள் மட்டும் நடக்கும் திருத்தம். அங்கிருந்து புரோசசர் வரைக்கும் வருகிற வழிக்குக் காவல் இல்லை. முழு ஈசிசி என்றால் மூன்றும் சேர வேண்டும்: புரோசசர், மதர்போர்ட், நினைவகத் தகடு.

எங்கட தீவில்

இலங்கையில் பொதுமக்களுக்கு இணையம் 1995 இல் வந்தது. ஆனால் சாதாரணக் கணினியின் பெறுமதியை இந்தத் தீவு உண்மையாக உணர்ந்தது 2004 டிசம்பர் 26 க்குப் பிறகு. சுனாமி கிண்ணியா வைத்தியசாலையை அழித்தது. கரையோரம் முழுக்க ஆட்களைக் காணவில்லை, எந்த முகாமில் யார் என்று தெரியவில்லை. கொழும்பில் தன்னார்வ மென்பொருளாளர்கள் சில நாட்களுக்குள் எழுதத் தொடங்கியதுதான் சஹானா. காணாமல் போனோர் பதிவு, முகாம் பதிவு, நிவாரண அமைப்புகளின் பதிவு எல்லாம் அதில் இருந்தன. லினக்ஸ், அப்பாச்சி, மைஎஸ்கியூஎல், பிஎச்பி என்ற இலவச மென்பொருட்களில் எழுதப்பட்டதால், விலைகூடிய சேர்வர் எதையும் அது கேட்கவில்லை. அடுத்த வருடம் பாகிஸ்தான் பூகம்பத்துக்கும், 2006 இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவுக்கும் அது போய் உதவியது.

மறுபக்க உதாரணமும் எங்களிடம் உண்டு. 2023 ஆகஸ்ட் 26 அன்று இலங்கை அரசாங்க முகிலின் மீது ஒரு கப்பத் தாக்குதல் நடந்தது. அரச மின்னஞ்சல்களில் மே 17 முதல் அன்று வரையான தரவு அழிந்தது. ஏறத்தாழ 5,000 முகவரிகள். அந்தக் காலப்பகுதிக்குரிய பிரதி இருக்கவில்லை. சேர்வர் ரக இயந்திரம், ஈசிசி எதுவும் இதைத் தடுத்திருக்காது. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பேர்க்கில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் எரிந்தபோதும் அதே கதை. எரிந்த கட்டடத்தில் மட்டும் தரவு வைத்தவர்கள் இழந்தார்கள்.

பிரதி இல்லாமல் எரிவது என்றால் என்ன என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு 97,000 நூல்கள் போயின. நூல் வேறொரு நூலகத்தில் இருந்தால் திரும்ப வாங்கலாம், ஓலைச்சுவடியை எங்கே வாங்குவது? 2005 இல் தொடங்கி இன்று ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆவணங்களைத் தாங்கி நிற்கும் நூலகம் இணையத்தளம் எங்கள் தலைமுறைக்கு இவ்வளவு பெறுமதியாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சேர்வரை திருகோணமலையிலேயே ஓர் அறையில் வைக்கலாமே என்றும் சிலர் கேட்பார்கள். 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணி நேர மின்வெட்டு, ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததில் நாடே இருண்டது. கடல் உப்புக் காற்று கதவிடுக்கால் வந்து மதர்போர்டைத் தின்னும். இங்கே ஒரு பிரதி கட்டாயம் இருக்கட்டும், ஆனால் இங்கே மட்டும் இருக்கக் கூடாது.

தூரத்தில் வைப்பதென்றால் இன்னொரு வித்தியாசத்தையும் பார்க்க வேண்டும். சேர்வர் ரக மதர்போர்ட்களில் தனியாக ஒரு சின்னக் கணினி இருக்கும். பெரிய கணினி உறைந்துபோனாலும் அதன் வழியே தூரத்திலிருந்தே திரையைப் பார்க்கலாம், நிறுத்தித் தொடங்கலாம். சாதாரண மேசைக் கணினி மதர்போர்டில் அது இல்லை. கொழும்பில் யாரோ ஒருவரின் அலுவலகத்தில் மேசைக் கணினியை சேர்வராக வைத்தால், அது உறைந்த அன்றைக்கு ஒரு பொத்தானை அமத்த இங்கிருந்து இரவு பஸ் ஏற வேண்டி வரலாம். வாடகை நிறுவனங்கள் அந்தப் பொத்தானையாவது இணையவழியே தருகிறதா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

அப்ப எதை எடுக்கிறது?

ஒரு சங்கத்தின் மலர்கள், ஒரு சஞ்சிகைத் தொகுப்பு, சில ஆயிரம் புகைப்படங்கள். இதற்கு மேசைக் கணினிப் புரோசசர் காணும். "நிக்காது" என்று சொல்பவர்களைக் கண்டு பயப்படத் தேவையில்லை. புரோசசர் செத்தால் ஒரு நாள் தளம் தெரியாது, அவ்வளவுதான். வைத்தியசாலை அல்ல, ஒரு நாள் பொறுக்கலாம். கெட்ட கோப்பும் இல்லாத பிரதியும்தான் திரும்பி வராதவை.

ஆகவே பெயரைக் கேட்பதற்கு முன் ஈசிசி இருக்கிறதா என்று கேளுங்கள். ஈசிசியோடு ஒரு ரைசனோ, இரண்டு தலைமுறை பழைய சியோனோ, ஈசிசி இல்லாத புத்தம்புதுக் கோர் புரோசசரைவிடக் காப்பகத்துக்கு நல்லது. காசு அதற்கும் காணாவிட்டால் காவலை மென்பொருளில் வையுங்கள். ஸ்கேன் பண்ணிய அன்றே ஒவ்வொரு கோப்புக்கும் ஷா-256 போன்ற ஒரு கைரேகையைக் கணக்கிட்டு எழுதி வைத்து, மாதம் ஒருமுறை எல்லாப் பிரதிகளோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஈசிசி செய்கிற முழு வேலையையும் இது செய்யாது. கைரேகை எடுக்க முதலே கெட்டதை அது கண்டுபிடிக்காது. ஆனால் அதற்குப் பிறகு நடந்த எந்தக் கைப்பிழையையும் காட்டிக்கொடுக்கும். ஏடு ஒப்பிட்டவர்கள் கண்ணால் செய்ததைக் கணினி சில நிமிடத்தில் செய்யும்.

பிறகு பிரதிகள். குறைந்தது மூன்று. வாடகை சேர்வரில் ஒன்று, வேறு நாட்டில் வேறு நிறுவனத்திடம் ஒன்று, ஊரில் யாருடையவோ அலுமாரியில் வயர் கழற்றி வைத்த வெளி டிஸ்க்கில் ஒன்று. கழற்றி வைத்ததைக் கப்பம் கேட்கிறவன் தொட முடியாது. கடவுச்சொல் ஒருவரிடம் மட்டும் இருக்கக் கூடாது. அந்த ஒருவர் கனடா போய்விட்டாலோ, டொமைனுக்குக் காசு கட்ட மறந்துவிட்டாலோ, எபிக் சேர்வரும் சேர்ந்துதான் மறையும்.

சேர்வர் ரகத்துக்கும் மேசைக் கணினி ரகத்துக்கும் இடையில் மிச்சப்படுகிற காசு எங்களைப் போன்ற சிறு குழுக்களுக்குச் சின்னக் காசல்ல, அதுவும் டொலரில் கட்டும்போது. அந்த மிச்சத்தை வைத்து இரண்டாவது பிரதிக்கு இடம் எடுங்கள். அதுவும் எடுத்த பிறகு காசு மிஞ்சினால் சியோனைப் பற்றிக் கதைப்போம்.